கணையத்துத் தீவுகள்



மாடு, ஆடு, குதிரை, பன்றி முதலிய விலங்குகளின் இரைப்பையை அடுத்துக் கணையம் என்னும் உறுப்பு அமைந்துள்ளது. உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரப்பதே அதன் தொழில் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1869-இல் பெர்லின் நகரத்து மாணவரான பால் லாங்கர்ஹான்ஸ், முயலின் கணையத்தை நுண்பெருக்கியில் ஆராய்கையில், வேறு வகைச் சிற்றணுக்கள் திட்டுத் திட்டாகக் குழுமியிருக்கக் கண்டார். அவற்றின் பயன் யாதென அவர் அறிந்திலர். 1889-இல், கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதை மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் கண்டனர். 1893-இல் பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் அத்திட்டுகளை 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று அழைத்தார். பின்னாளில் அவற்றின் சுரப்புக்கு வந்த இன்சுலின் என்னும் பெயரும், தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே.

இத்தீவுகளில் சிறப்பாக இரு வகை அணுக்களைக் காண்கிறோம். ரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைப்பது பீட்டா அணுவின் சுரப்பு. உயர்த்துவது ஆல்பா அணுவின் சுரப்பு. மாட்டிலும் ஆட்டிலும் பீட்டா அணுக்கள் பெரும்பாலும் நடுவிலும், ஆல்பா அணுக்கள் ஓரத்திலும் இருக்கின்றன. குதிரையிலோ ஆல்பா அணுக்கள் நடுவில் திரண்டிருக்க, பீட்டா அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து நிற்கின்றன. பன்றியில் தீவைச் சுற்றியுள்ள உறை மெல்லியதாதலால், அதன் கரை தெளிவாகப் புலப்படுவதில்லை.

இத்தகைய ஒப்புநோக்கு வெறும் ஏட்டறிவு அன்று. கணையத்தைப் பிழிந்தால், செரிமான நீர் இன்சுலினை அழித்துவிடும் என்ற அச்சம் இருந்தது. கருவிலுள்ள கன்றின் கணையத்திலோ, செரிமானப் பகுதி முதிருமுன்பே தீவுகள் வளர்ந்துவிடுகின்றன. 1921-இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இவ்வேறுபாட்டைப் பயன்படுத்திக் கொண்டனர். அடுத்து, வளர்ந்த மாட்டின் கணையத்திலிருந்தும் சாறு எடுக்கக் கற்றனர். 1922 ஜனவரியில், பட்டினிச் சிகிச்சையால் எலும்பும் தோலுமாகியிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. காலிப் என்பவர் தூய்மைப்படுத்திய சாறே அவனைத் தேற்றியது. அதன்பின், இறைச்சிக் கூடங்களில் கிடைத்த கணையம் எண்ணற்ற குழந்தைகளுக்கு உயிர்மருந்தாயிற்று.

விலங்கின் சுரப்பு மனிதனுக்கு ஏற்றதாவது எங்ஙனம்? 1955 அளவில் சாங்கர் மாட்டு இன்சுலினின் அமைப்பை முழுதும் வகுத்துக் காட்டினார். அதிலுள்ள 51 அமினோ அமிலங்களில் மூன்றே மனித இன்சுலினினின்று வேறுபடுகின்றன. பன்றியின் இன்சுலினில் ஒன்றே ஒன்று. 1982 முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் வழக்கத்திற்கு வந்தது. எனினும், அதற்கு முந்திய அறுபது ஆண்டுகள் நீரிழிவாளரின் உயிரைக் காத்தவை தொழுவத்து விலங்குகளே.

அணுக்கள் நிற்கும் இடம் விலங்குக்கு விலங்கு மாறுகிறது. அவை ஆற்றும் தொழில் மாறுவதில்லை. அந்த ஒருமையே மாட்டின் சுரப்பை மனிதனுக்கு மருந்தாக்கியது.