பூட்டிய வாயில்கள்

தீ என்றதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர்க்கு 1983 ஜூலையே நினைவுக்கு வரும். அது வெறுப்பு மூட்டிய தீ. உயிர் காப்பதற்கென்றே எழுந்த வைத்தியசாலையில் மூளும் தீயோ வேறு வகையினது. அதனைப் பெரும்பாலும் எவரும் திட்டமிட்டு மூட்டுவதில்லை. ஆயினும், மூண்டால் எவர் தப்புவர், எவர் மாள்வர் என்பது முன்னரே முடிவாகிவிடுகிறது. அம்முடிவைச் செய்வோர் யார்? வரலாற்றிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

1929 மே 15ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில், நிலக்கீழ் அறையொன்றில் குவித்து வைத்திருந்த எக்ஸ்றே பிலிம்கள் பற்றிக்கொண்டன. நைட்ரோசெல்லுலோசால் ஆன அவை நச்சுவாயுவைக் கக்கின. 123 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது சுவாலையன்று, வாயுவே. ஆபத்துக் குறைந்த பிலிம் அதற்கு முன்னரே சந்தைக்கு வந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

82 ஆண்டுகள் கழிந்தன. விஞ்ஞானம் வளர்ந்தது, கட்டடங்கள் உயர்ந்தன. பாடம் மட்டும் படிக்கப்படவில்லை. 2011 டிசம்பர் 9 அதிகாலை, கல்கத்தாவின் தாக்குரியாவிலுள்ள ஏ.எம்.ஆர்.ஐ. என்னும் தனியார் வைத்தியசாலையின் நிலக்கீழ்த் தளத்தில் தீ மூண்டது. வாகனத் தரிப்பிடமாக அனுமதி பெற்ற அத்தளம் பொருட்கிடங்காக மாறியிருந்தது. புகை குளிரூட்டும் குழாய்களின் வழியே மாடிகளுக்கு ஏறிற்று. அடைத்த கண்ணாடிச் சுவர்கள் அதனை வெளியேற விடவில்லை. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். முதலில் உதவிக்கு ஓடிவந்தோர் அயலிலிருந்த சேரி மக்களே. காவலாளர் அவர்களைத் திருப்பியனுப்பினர் என்று அந்நாளைய செய்திகள் கூறின. ஆயினும் அம்மக்கள் மீண்டும் வந்து நோயாளரை மீட்டனர். கேரளத்துத் தாதியர் இருவர் நோயாளர் பலரைக் காத்துத் தாமும் உயிர்நீத்தனர்.

பணம் கொடுக்க வல்லோர் படுத்திருந்த கட்டடத்தின் கதை அது. ஏழை நோயாளியின் கதை யாது? மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் ஏர்வாடி இருக்கிறது. தர்காவை நம்பி வந்த மனநோயாளரை வைத்திருந்த தனியார் விடுதியொன்றின் ஓலைக் கொட்டகை, 2001 ஆகஸ்ட் 6 வைகறையில் எரிந்தது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டோர் ஓட வழியின்றிக் கருகினர். 28 பேர் மாண்டனர். அங்கே பூட்டு கதவில் இருக்கவில்லை. மனிதரின் காலில் இருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணையை மேற்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை எவ்வடிவிலும் தடைசெய்தது. இச்சட்டத்தின் பின்னால் எரிந்த உடல்கள் கிடக்கின்றன.

கிடங்குக்கு வேறிடம் தேடுவது செலவு. நோயாளரைக் கவனிக்க ஆள் வைப்பதும் செலவு. அச்செலவை மிச்சம் பிடித்தவர் ஒருவர். உயிரால் ஈடுசெய்தவர் இன்னொருவர். இதனை விதியென்று சொல்லித் தப்புதல் நேர்மையன்று.

எழுந்து ஓடமுடியாத நோயாளியைக் காக்கும் வழி அறியப்படாததன்று. புகை புகாத கதவுக்கு அப்பால், அதே மாடியின் அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு நகர்த்துவதே முதற்படி. மாடியிறக்குவது அதன் பின்னர். கட்டில் செல்லத்தக்க அகலமான வழியும், தானே மூடிக்கொள்ளும் கதவும், இரவுப் பணியில் போதிய தாதியரும், அவர்க்கு ஒழுங்கான பயிற்சியும் இதற்கு வேண்டும். இவை இலாபக் கணக்கில் வரவாகத் தோன்றுவதில்லை. ஆகவேதான் மக்களின் விழிப்பும் அரசின் ஓயாத மேற்பார்வையும் இன்றியமையாதவையாகின்றன.

காலி வீதியின் ஓரத்திலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும் மாடிகள் எழுகின்றன. நோயாளியுடன் செல்லும் நாம் வைத்தியரின் பெயரையும் கட்டணத்தையும் விசாரிக்கிறோம். இரண்டாவது படிக்கட்டு எங்கே, அதன் கதவு இரவிலும் திறக்குமா என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? மன்னர் முடிசூடிய ஆண்டுகளை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் 1929, 2001, 2011 ஆகிய ஆண்டுகளையும் கற்பிப்போம். அம்மாணவர் நாளை வைத்தியராவர், தாதியராவர், பொறியியலாளராவர். அவர்களேனும் அக்கேள்வியைத் தீ மூளுமுன் கேட்கட்டும்.