ஜாவாஸ்கிரிப்ட் ஆவணங்களில் தரநிலையும் உலாவித் தனிவசதிகளும்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் கையேடுகளில், தரநிலை வகுத்த கூறுகளையும் ஏதோவொரு உலாவி மட்டும் தரும் தனிவசதிகளையும் பிரித்துக் காட்டுவது ஆவணமாக்கத்தின் அடிப்படை நெறி. இந்தப் பிரிப்பு இல்லையெனில், ஓர் உலாவியில் சோதித்த நிரல் மற்றோர் உலாவியில் ஏன் நின்றுபோகிறது என்பது படிப்பவருக்கு விளங்காது.

வரலாறு

பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இம்மொழியை உருவாக்கினார். 1996இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3இல் ‘ஜேஸ்கிரிப்ட்’ என்ற பெயரில் இதைச் செயற்படுத்தியது. இரண்டும் விலகிச் செல்லாதிருக்கப் பொது வரையறை தேவைப்பட்டது. எக்மா அமைப்பு 1997 ஜூனில் எக்மா-262 தரநிலையின் முதற்பதிப்பை வெளியிட்டது. தரநிலையில் மொழியின் பெயர் ‘எக்மாஸ்கிரிப்ட்’. 2015 முதல் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. டிசி39 குழு இதைப் பேணுகிறது.

வகைகள்

மொழியின் தொடரியலும் உள்ளமைந்த பொருள்களும் எக்மா-262இல் உள்ளன. பக்கத்தின் உறுப்புகளைக் கையாளும் டாம் இடைமுகம் அதில் இல்லை. ஆயினும் அது உலாவித் தனிவசதி அன்று. அதற்கென வாட்விக் குழுவின் தனித் தரநிலை உண்டு.

எந்தத் தரநிலையிலும் சேராதவையே தனிவசதிகள். ஜேஸ்கிரிப்டில் குறிப்புரைக்குள் எழுதப்பட்ட நிபந்தனைத் தொகுப்பு ஒன்று. பிற உலாவிகள் அதை வெறும் குறிப்புரையாகக் கருதிக் கடந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸின் ‘டூசோர்ஸ்’ செயற்கூறு மற்றொன்று. 2020இல் 74ஆம் பதிப்பில் வலைப்பக்கங்களுக்கு அது கிடைக்காமற்போனது.

பரவலான ஆதரவு தரநிலைக்குச் சான்றாகாது. பிழைப் பொருளின் ‘ஸ்டாக்’ பண்பு முக்கிய உலாவிகள் அனைத்திலும் உண்டு. எக்மா-262இன் 2024 பதிப்பிலோ அது இல்லை. அது தரும் உரையின் வடிவமும் குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வேறுபடுகிறது. மாறாக, தனிவசதியாகத் தொடங்கிய ‘புரோட்டோ’ பண்பு, பழைய பக்கங்கள் பழுதடையாதிருக்க 2015 பதிப்பின் பின்னிணைப்பு ‘பி’யில் இடம்பெற்றது.

குறிக்கும் முறை

2005இல் மொசில்லா தொடங்கிய எம்டிஎன் ஆவணத் தளம், ஒரு கூறு எந்த வரையறையில் உள்ளது என்பதையும் எந்த உலாவி எப்பதிப்பிலிருந்து ஆதரிக்கிறது என்பதையும் தனித்தனிப் பகுதிகளில் தருகிறது. தரநிலையில் இல்லாதவை, கைவிடப்பட்டவை, சோதனையில் உள்ளவை ஆகியவற்றுக்குத் தனி முத்திரைகள் உண்டு. ஒரு கூறு ஒரே வேளையில் தரநிலையில் இருந்தும் கைவிடத்தக்கதாக இருக்கலாம், ‘புரோட்டோ’ அத்தகையது. ஆகவே இம்முத்திரைகளை ஒன்றாகக் குழப்பக்கூடாது. கூறுகளின் நிலை மாறும்போதெல்லாம் முத்திரையையும் திருத்துவது ஆவண ஆசிரியரின் கடமை.