கடைசி முழம்: தகவலும் வறுமையும் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

உலக வங்கி தனது 1998-99 உலக வளர்ச்சி அறிக்கைக்கு ‘வளர்ச்சிக்கான அறிவு’ என்று தலைப்பிட்டது. 2000 ஜூலையில் ஒகினாவாவில் கூடிய எட்டு பணக்கார நாடுகள் தகவல் சமூகத்துக்கென்று ஒரு சாசனமே வெளியிட்டன. நிலம், கூலி, கடன் என்று பேசிவந்த இடத்தில் ‘தகவல் இல்லாமை’ வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழை என்றால் சுரண்டப்படுகிறவர் அல்ல, விவரம் தெரியாதவர் என்றாகிவிட்டது. இந்தச் சொல்லாடலை நிராகரிப்பது நமக்குச் சுலபம். நானும் ரொம்ப நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அது போதாது என்று எனக்குக் காட்டியது புதுச்சேரிக் கடற்கரையின் கதை.

அதே 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியோடு, வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. இடத்தை ஊர் கொடுத்தது. நடத்தியவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். நலத்திட்ட விவரங்களும் விலை நிலவரமும் தமிழில் தொகுக்கப்பட்டன. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கணிப்பொறிக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்துவிட முடியும்? ஒலிபெருக்கிக்கு எழுத்தறிவு வேண்டாம், வாசற்படியும் கிடையாது.

அப்புறம் வந்தது 2004 டிசம்பர் 26. காலை 6.29க்கு சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலநடுக்கம். ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்தில் முதல் அறிக்கையை அனுப்பியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பின் வந்த இரண்டாம் அறிக்கை, நிலநடுக்க மையத்துக்கு அருகே சுனாமி வரலாம் என்றது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான ஏற்பாடு. இந்தியா அதில் இல்லை. இந்திய வானிலைத் துறையின் தொலைநகல், பதவியில் இல்லாத பழைய அமைச்சரின் வீட்டுக்குப் போனதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தகவல் இல்லாமல் அல்ல. தகவல் இருந்தது, இவர்களுக்கு வர வழியில்லாமல் இருந்தது.

புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் வேறு மாதிரி நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு எச்சரித்தார். அறிவு மையத்து ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் தப்பினார்கள்.

இந்தக் கதை பிறகு மேடைகளில் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்லப்பட்டது. என் வாசிப்பு வேறு. அன்று தகவலைச் சுமந்தவர் பிழைப்புக்காகக் கடல் கடந்துபோன ஒரு தொழிலாளி. ஹவாய்க்கு நல்லவாட்டைத் தெரியாது, அவருக்குத் தெரியும். செய்தியின் கடைசி முழம் ஊர்க்காரர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ‘ஊர்’ என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. சுனாமிக்குப் பிறகு நாகைக் கடலோரத்தில் நிவாரணப் பட்டியல் பல இடங்களில் மீனவப் பஞ்சாயத்து வழியாகவே போனது. அந்தப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. தலித் விவசாயக் கூலிகள் பட்டியலில் விடுபட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. அலை வரும்போது ஒலிபெருக்கி எல்லோருக்கும் கேட்கும். பட்டியல் எழுதும்போது எல்லோர் பெயரும் கேட்பதில்லை. கடைசி முழம் யார் கையில் என்று ஊருக்குள்ளேயும் கேட்டாக வேண்டும்.

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது; நல்ல காரியம். கிராம மையங்கள் மட்டும் வேறு திசையில் போயின. 2006இல் மத்திய அரசு 1 லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. வில்லியனூரில் ஊர்ப் பெண்கள் இருந்த நாற்காலியில் இங்கே ‘கிராமத் தொழில்முனைவோர்’ உட்கார்ந்தார். தகவல் கட்டணச் சேவையாயிற்று. ஆதார் வந்தபின் ஓட்டத்தின் திசையே திரும்பிவிட்டது. ஏழைக்குத் தகவல் என்று ஆரம்பித்தது, ஏழையைப் பற்றிய தகவலாக முடிந்திருக்கிறது. கைரேகை விழலேன்னு ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்புகிற கிழவியிடம் போய் ‘உனக்கு விவரம் போதாது’ என்று சொல்ல முடியுமா? அவளைப் பற்றிய விவரமெல்லாம் அரசிடம் இருக்கிறது. அரசைப் பற்றிய விவரம் அவளிடம் இல்லை.

ஆகவே தொழில்நுட்பம் வறுமையைக் குறைக்குமா குறைக்காதா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், அதை ஊர் நடுவே, சேரிக்கும் கேட்கிற மாதிரி, உரக்க வாசிக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கிராமங்களில் வேலை செய்கிற நண்பர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அதற்கு ஒரு பழைய ஒலிபெருக்கிகூடப் போதும்.