மாறிய குரலும் மாறாத நடையும்

ஹெவி மெட்டல் எனப்படும் பேரொலி இசையில் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் அயர்ன் மெய்டன் குழுவின் மீது இரண்டு குறைகள் கூறப்படுகின்றன. தொடக்கம் முதல் ஒரே பாட்டையே பாடி வருகின்றனர் என்பது ஒன்று. பழைய மெய்டன் போய்விட்டது என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பன. ஆயினும் இரண்டையும் சில வேளைகளில் ஒருவரே கூறக் கேட்கிறோம்! அக்குழுவின் வரலாற்றைச் சற்றே நோக்கினால் இப்புதிர் அவிழும்.

1975ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்கு லண்டனில் இக்குழுவை அமைத்தவர் ஸ்டீவ் ஹாரிஸ். அவர் பாடகர் அல்லர். பேஸ் கிட்டார் வாசிப்பவர். பிற குழுக்களில் பெரும்பாலும் பின்னே அடங்கி ஒலிக்கும் அக்கருவி இங்கு முன்னின்று வழிநடத்துகிறது. ஒரு நெடிலும் இரு குறிலுமாக அடுக்கி வரும் ஓர் ஓட்டத்தை ஹாரிஸ் விரல்களாலேயே மீட்டுவார். குதிரைப் பாய்ச்சலை ஒத்த அந்நடையின் மேல் இரண்டு கிட்டார்கள் இணைந்து ஒரே மெட்டை வெவ்வேறு சுரநிலைகளில் இசைக்கும். நாம் மெய்டன் என்று செவியால் இனங்காண்பது இதனைத்தான்.

1980இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் பாடியவர் பால் டியானோ, கரடுமுரடான குரல். 1981இல் அவர் விலக, புரூஸ் டிக்கின்சன் வந்தார். உச்ச ஸ்தாயியில் தயங்காது சஞ்சரிக்கும் அவர் குரலால் குழுவே புதிதாயிற்று என்பர். ஆனால் பல பகுதிகளாக விரிந்து ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு முதல் தட்டிலேயே இருந்தது. பிற்கால நெடும்பாடல்களின் வித்து அதுவே. 1986இல் கிட்டாரோடு சிந்தசைசர் ஒலி சேர்ந்தபோதும் மேற்பூச்சுத்தான் மாறியது.

உண்மையான சோதனை 1994க்குப் பின் வந்தது. டிக்கின்சன் விலகிய இடத்தில் பிளேஸ் பேய்லி அமர்ந்தார். அவருடையது தாழ்ந்த, கனத்த குரல். முன்னவரின் குரலுக்கென அமைந்த பாடல்களை மேடைதோறும் பாடவேண்டியிருந்தமை அவருக்குப் பெருஞ்சுமை. அக்காலத்து இரண்டு தட்டுகளும் தாழ்ந்த நிலையினவாகவே இன்றும் மதிக்கப்படுகின்றன. இது முழு நியாயமன்று என்பது நம் கருத்து. 1995இல் பேய்லி பாடிய 'சைன் ஆஃப் தி கிராஸ்' என்ற பதினொரு நிமிடப் பாடலை, 1999இல் மீண்டு வந்த டிக்கின்சன் 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோ மேடையில் பாடினார். இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு அதுவே, நடை அதுவே. முன்னதைப் புறக்கணித்தோர் பின்னதைக் கொண்டாடினர். இசை மாறிற்று என்று அவர்கள் வருந்தியது பெரும்பாலும் குரலை எண்ணியே.

அவ்வாறாயின் எதுவுமே மாறவில்லையா? காலஅளவு மாறியுள்ளது. முதல் தட்டில் எட்டுப் பாடல்கள்; மொத்தம் ஏறத்தாழ 38 நிமிடம். 2021இல் வந்த 'சென்ஜுட்சு' என்னும் தொகுப்பில் பத்துப் பாடல்கள்; 82 நிமிடம். முன்னர் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்த குதிரை, இப்போது மெல்லிய முன்னிசையில் நெடுநேரம் நின்று பின்னரே புறப்படுகிறது. பல்லவிகள் வேண்டியதற்கு மேல் திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. கத்தரிக்கோல் பிடிக்க எவரும் துணியவில்லை போலும். 1999 முதல் கிட்டார்களும் மூன்றாயின. எனினும் மூன்றாவதன் தனிக்குரல் பல இடங்களில் நம் செவிக்கு எட்டுவதில்லை.

மெய்யாகவே வேறுபட்ட ஒன்று வேண்டுமெனில் 2015இல் வந்த 'எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ்' பாடலைக் காட்டலாம். 1930இல் வீழ்ந்து எரிந்த ஆர்-101 என்னும் வானக்கப்பலின் கதையைப் பதினெட்டு நிமிடம் சொல்வது அது. பியானோவில் தொடங்குகிறது, அந்தப் பியானோவை வாசிப்பவர் டிக்கின்சன். இயற்றியவரும் அவரே, ஹாரிஸ் அல்லர்.

நாற்பதாண்டுக்கு மேல் முரசு கொட்டிய நிக்கோ மெக்பிரெய்ன் 2024 டிசம்பரில் இசைப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். 2025 மே மாதம் புடாபெஸ்டில் தொடங்கிய பயணத்தில் அவருடைய இருக்கையில் சைமன் டாசன் அமர்ந்தார். அங்கே வாசிக்க எடுத்துக்கொண்டவை 1980 முதல் 1992 வரையிலான பாடல்கள் மட்டுமே.