670 ஜிபி படம் 50 ஜிபி தட்டுக்குள் வந்த கதை

இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை முழு எச்டி தரத்தில், நிற விவரத்தில் மட்டும் கொஞ்சம் குறைத்துப் பதிவு செய்தால் சுமார் 670 ஜிபி ஆகும். இரட்டை அடுக்கு ப்ளூ-ரே தட்டில் இருப்பதோ 50 ஜிபி இடம். மிச்சத்தைக் கரைத்த வித்தையில் கிண்டிக்கும் பங்குண்டு.

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்ற கே.ஆர். ராவ், பின்னாளில் டெக்சாஸில் பேராசிரியரானார். அவருடைய நண்பர் நசீர் அகமது பெங்களூரில் பிறந்து கான்சஸில் பாடம் நடத்தியவர். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதினால், முக்கியமான தகவலெல்லாம் சில எண்களில் திரண்டுவிடும் என்பது அகமதின் யோசனை. கண் கவனிக்காத நுண்ணிய அலைகளைத் துணிந்து கழித்துவிடலாம். 1972-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார்; கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்றாராம் ஒரு மதிப்பீட்டாளர்! ஆனாலும் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், ராவ் மூவரும் 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மொத்தம் நான்கே பக்கம்.

அந்த நான்கு பக்கம் 1993-இல் விசிடிக்குள் புகுந்தது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் என்பதால் நம் படங்கள் இரண்டு, மூன்று தட்டுகளாக வந்தன. அதே ஆண்டு சீனாவின் ஹெஃபெய் நகரில் வான்யான் நிறுவனம் விசிடி பிளேயர் செய்தது; காப்புரிமை பதியவில்லை. போட்டியாளர்கள் வாங்கிப் பிரித்துப் பார்த்து நகலெடுக்க, பிளேயர் விலை சரிந்தது. நம் ஊரில் திருட்டு விசிடி பெருகி, 2004-இல் குண்டர் சட்டம்வரை போனது. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு அசல் விசிடியையே விற்றது. திருட்டை விலையால் எதிர்கொண்ட அந்தத் துணிச்சல், சட்டத்தைவிட நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

டிவிடியில் இருந்தது எம்பெக்-2 என்ற சுருக்க முறை. 2003-இல் வந்த எச்.264, முந்தைய காட்சியிலிருந்து அடுத்ததை இன்னும் நுட்பமாக ஊகித்து, ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைத் தந்தது. 2006-இல் ப்ளூ-ரே அதை ஏற்றது. உள்ளே ஓடுவது அதே கொசைன் கணக்குதான், முழு எண்களுக்கு ஏற்றபடி திருத்திய வடிவில். 2013-இன் எச்இவிசியும் அப்படியே.

வகுப்பில் கொசைன் நடத்தும் ஆசிரியர்கள் அகமது, நடராஜன், ராவ் பெயர்களையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.