பாலாடைக்கட்டியும் சூரை மீனும்

மனச்சோர்வு மருந்தின் வரலாறு மனநல விடுதியில் தொடங்கவில்லை. காசநோய் விடுதியில் தொடங்கியது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் ஐசோநையசிட், ஐப்ரோநையசிட் என்னும் இரு உறவு மருந்துகள் காசநோயாளருக்கு அளிக்கப்பட்டன. இரண்டாவதை உண்டவர்களிடம் வழக்கத்திற்கு மாறான உற்சாகம் காணப்பட்டது. 1957இல் நேதன் கிளைன் அதையே மனச்சோர்வுக்குக் கையாண்டார். மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுப்பதே அதன் செயல்.

ஐசோநையசிட் நம்மிடம் வந்த கதை வேறு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அமைந்தது. வீட்டிலிருந்தபடி மாத்திரை உண்பதும் விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடாகும் என்பதை 1959இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. இனி எங்கள் நாகல் நகரின் நெசவாளியும் தறியை விட்டு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஆயினும் மாத்திரை வீட்டுக்கு வந்தபோது, அடுக்களையும் தெருமுனை மருந்துக்கடையும் அதன் அண்டை வீட்டார் ஆயின.

அந்த அண்டைமையின் ஆபத்தை முதலில் தெளிவாக்கியவர் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் பேரி பிளாக்வெல். நொதித்தடுப்பு மருந்து உண்டவர் பழகிய பாலாடைக்கட்டியைத் தின்றால் இரத்த அழுத்தம் திடீரென உயரும் என்று 1963இல் அவர் எழுதினார். கட்டியிலுள்ள டைரமைனைக் குடலும் ஈரலும் வழக்கமாக அந்நொதியால் அழித்துவிடும். நொதி தடைப்பட்டால் டைரமைன் இரத்தத்தில் கலந்து நாரட்ரீனலினை வெளித்தள்ளும்.

இலங்கையில் உரகொடவும் கொட்டேகொடவும் 1977இல் இதன் மறுவடிவத்தைப் பதிவு செய்தனர். ஐசோநையசிட் உண்ட காசநோயாளர் சூரை மீன் தின்றபின் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் கண்டனர். அங்கே குற்றவாளி ஹிஸ்டமின். அதைச் சிதைக்கும் நொதியை மாத்திரை தடுத்திருந்தது.

டைரமைனின் வேதியியல் உறவினரே ஆம்ஃபெட்டமின் முதலிய ஊக்க மருந்துகள். எனவே நொதித்தடுப்பு மருந்தோடு அவை சேரலாகாது. முன்னதை நிறுத்திய பின்னும் 14 நாள் இடைவெளி வேண்டும். சளி மாத்திரையிலுள்ள சூடோஎஃபிட்ரினுக்கும் இவ்விலக்கு உண்டு. இன்று பரவலாக வழங்கும் ஃப்ளூவாக்சட்டின் வகை மருந்துகள் இத்தனை கடுமையானவை அல்ல. மருத்துவர்கள் கண்காணிப்புடன் அவற்றை ஊக்க மருந்தோடு சேர்த்தும் தருகிறார்கள். எனினும் ஃப்ளூவாக்சட்டினும் பராக்சட்டினும் ஈரலின் ஒரு நொதியை மந்தமாக்குவதால், ஆம்ஃபெட்டமின் உடலில் கூடுதலாகத் தேங்கக்கூடும். அரிதாக, செரட்டோனின் மிகையால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் ஆகியன நேரலாம். உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலை அது.

இவ்வளவையும் நோயாளி மனனம் செய்ய இயலாது. தாம் உண்ணும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் சொல்வது இயலும். நம் ஊர்களில் அதற்குத் தடையாக நிற்பது அறியாமையைவிட வெட்கமே. இருமல் மருந்தைத் திறந்து கேட்போம்; மனச்சோர்வு மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளிப்போம்.

பிளாக்வெல்லைத் துப்புத் துலக்க வைத்தது ஆய்வகம் அன்று. நாட்டிங்காமிலிருந்து ஒரு மருந்தாளுநர் எழுதிய கடிதம். மாத்திரை உண்ட தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி தின்ற பின் தலைவலி வந்ததை அவர் கவனித்திருந்தார். அந்த மாத்திரை கணவனுக்குத் தெரியாமல் உண்ணப்பட்டிருந்தால் அக்கடிதம் எழுதப்பட்டிராது.