வெயில் வராத கோடை

கோடை விடுமுறைக்கு ஆசை ஆசையாகக் கிளம்பிப் போகிறீர்கள். கூடவே நண்பர், நண்பரோடு வந்த இன்னொருவர், துணைவி, துணைவியின் தங்கை, கைக்குழந்தை. போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை... வாரக்கணக்கில்! வெளியே தலை காட்ட முடியவில்லை. என்ன செய்வீர்கள்? சீட்டு விளையாடுவோம், அரட்டை அடிப்போம், ராத்திரி ஆனால் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு பேய்க் கதை பேசுவோம். அவ்வளவுதானே?

1816-ம் வருடம் ஸ்விட்சர்லாந்தில், ஜெனிவா ஏரிக்கரையில் ஒரு கும்பல் அதைத்தான் செய்தது. ஆனால், அந்த அரட்டையிலிருந்து கிளம்பிய ஒரு பேய், இருநூறு வருடங்களாகியும் நம்மை விட்டபாடில்லை.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடுவோம்.

பெர்ஸி ஷெல்லி. ஆங்கிலக் கவிஞர், வயது 23. ஊரில் ஹாரியட் என்கிற மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு வந்தவர். அவரோடு இருந்தவர் மேரி காட்வின், வயது 18. ஷெல்லிக்கு இன்னும் முறைப்படி மனைவி ஆகாத துணைவி. 1814-ல், பதினாறு வயதில், ஷெல்லியோடு வீட்டைவிட்டுக் கிளம்பி வந்துவிட்டவர். கையில் வில்லியம் என்கிற சில மாதக் குழந்தை.

மேரியின் அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண் உரிமைக்காக 1792-லேயே புத்தகம் எழுதிய புரட்சிக்காரர். மகளைப் பெற்ற சில நாட்களிலேயே ஜன்னி கண்டு இறந்துபோனார். அப்பா வில்லியம் காட்வின், கல்யாணம் என்கிற ஏற்பாட்டையே எதிர்த்து எழுதிய பெரிய தத்துவவாதி. ஆனால், சொந்த மகள் கல்யாணம் ஆகாமல் ஒருவரோடு போய்விட்டதும் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றுவிட்டார். அதே சமயம், ஷெல்லியிடம் பணம் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை! எழுதுவது வேறு, வாழ்வது வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மூன்றாவது ஆள் க்ளேர். மேரியின் சிற்றன்னை மகள், அவருக்கும் வயது 18. ஜெனிவா பயணத்துக்கே பிள்ளையார் சுழி போட்டது இவர்தான். காரணம், லண்டனில் ஒருவரைத் துரத்தித் துரத்திக் காதலித்திருந்தார். அவர் ஜெனிவாவுக்குப் போகிறார் என்று தெரிந்ததும், 'நாமும் அங்கேயே போகலாம்' என்று அக்காவையும் ஷெல்லியையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வயிற்றில் அந்த ஆசாமியின் குழந்தை.

அந்த ஆசாமி... லார்ட் பைரன்! வயது 28. ஐரோப்பாவிலேயே அன்று அதிகம் பேசப்பட்ட கவிஞர். கவிதைக்காகப் பாதி, கிசுகிசுவுக்காகப் பாதி. மனைவி பிரிந்து போய்விட்டார். ஒழுக்கம் பற்றி ஊரே கதை கட்டியது. 'போதுமடா சாமி' என்று 1816 ஏப்ரலில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியவர், கடைசிவரை உயிரோடு திரும்பவே இல்லை. கூடவே ஜான் பொலிடோரி என்கிற 20 வயது இளம் டாக்டரை அழைத்து வந்திருந்தார். அந்த டாக்டருக்கு ரகசியமாக இன்னொரு உத்தியோகமும் இருந்தது. பைரன் என்ன செய்கிறார், யாரோடு பேசுகிறார் என்று டைரி எழுதிக் கொடுத்தால் 500 பவுண்டு தருவதாக பதிப்பாளர் சொல்லியிருந்தார். பத்திரிகைக்காரர்கள்தான் பிரபலங்களைத் துரத்துகிறார்கள் என்று இனி யாரும் எங்களைத் திட்டாதீர்கள். கூடவே தங்கி வேவு பார்க்கும் வேலை அப்போதே இருந்திருக்கிறது.

மே மாதக் கடைசியில் இரண்டு கோஷ்டியும் சந்தித்தன. ஷெல்லியும் பைரனும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. சில நாட்களிலேயே நெருங்கிய சிநேகிதம். பைரன் ஏரிக்கு மேலே மேட்டில் வில்லா டியோடாட்டி என்கிற பெரிய மாளிகையை எடுத்துக்கொண்டார். ஷெல்லியும் மேரியும் க்ளேரும் கீழே கரையோரம் ஒரு சின்ன வீட்டில். நடுவே ஒரு திராட்சைத் தோட்டம், பத்து நிமிட நடை.

ஜெனிவாவுக்கு வந்திருந்த மற்ற ஆங்கிலேயர்களுக்கு இயற்கைக் காட்சியெல்லாம் மறந்துபோனது. எதிர்க்கரையிலிருந்து டெலஸ்கோப் வைத்து பைரன் வீட்டைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு! பால்கனியில் காய்ந்த மேஜை விரிப்புகளைப் பார்த்துவிட்டு, 'பெண்களின் பாவாடை' என்று கதை கட்டினார்களாம்.

சரி, இப்போது மழைக்கு வருவோம்.

ஜூன் மாதம். வெயில் காய வேண்டிய நேரம். ஆனால், சூரியனைக் காணோம். மழை, இடி, மின்னல், குளிர். பகலிலேயே மெழுகுவத்தி. கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த ஒரு பேய்க் கதைப் புத்தகத்தைப் படித்தார்கள். ஜெர்மன் கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அது. அப்போதுதான் பைரன் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம்!

இரண்டு மகாகவிகள், ஒரு டாக்டர், ஒரு பதினெட்டு வயதுப் பெண். யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டியிருந்தால், உலகமே தோற்றிருக்கும். பைரன் சில பக்கங்கள் எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டார். ஷெல்லி ஆரம்பித்த ஜோரில் விட்டுவிட்டார். மேரிக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. தினம் காலையில், 'கதை கிடைத்ததா?' என்று கேட்பார்களாம். 'இல்லை' என்று சொல்வது பெரிய அவமானமாக இருந்தது என்று பின்னாளில் எழுதுகிறார்.

கவிஞர்கள் இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். மேரி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு ராத்திரி பேச்சு, உயிர் என்றால் என்ன என்பது பற்றிப் போனது. மின்சாரம் பாய்ச்சிச் செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்த கால்வானி அப்போது பிரபலம். அவருடைய உறவினர் அல்டினி, 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பிணத்தில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது! 'அப்படியென்றால், செத்த உடம்புக்கு உயிர் கொடுத்துவிட முடியுமா?' என்பதுதான் அந்த ராத்திரி விவாதம்.

படுக்கப் போன மேரிக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ஒரு காட்சி. ஒரு மாணவன் தானே ஒட்டிச் சேர்த்த உருவத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறான். அது மெள்ள அசைகிறது. பயந்துபோய் ஓடிவிடுகிறான். விழித்துப் பார்த்தால், படுக்கைத் திரையை விலக்கிக்கொண்டு அது அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் காலை மேரிக்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'ஃப்ராங்கன்ஸ்டைன்' பிறந்துவிட்டது.

கதை எழுதிய கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால், அந்தப் பெண் ஏன் அதைக் கனவு கண்டார்?

முந்தைய வருடம், 1815 பிப்ரவரியில், மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூட உயிரோடு இல்லை. கொஞ்ச நாள் கழித்து மேரி டைரியில் ஒரு கனவைக் குறித்து வைக்கிறார். குழந்தை சாகவில்லை, உடம்பு ஜில்லிட்டுத்தான் போயிருந்தது, கணப்பு பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டோம், உயிர் வந்துவிட்டது... விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. அப்போது வயது பதினேழு.

செத்த உடம்புக்கு உயிர் வருமா என்பது, மேலே மாளிகையில் பேசிக்கொண்டிருந்த ஆண்களுக்கு விஞ்ஞானம். கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு?

ஜூன் 22-ம் தேதி மழை கொஞ்சம் விட்டதும் நண்பர்கள் இருவரும் படகில் ஏரியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். மேரி வீட்டில், குழந்தையோடு. வழியில் புயல். படகு கவிழும் நிலை. பைரன் கெட்டிக்கார நீச்சல்காரர். 1810-லேயே துருக்கியில் ஹெலஸ்பாண்ட் ஜலசந்தியை நீந்திக் கடந்தவர். கோட்டைக் கழற்றிவிட்டுத் தயாரானார். ஷெல்லிக்கு நீச்சல் தெரியாது. 'என்னைக் காப்பாற்ற முயற்சி பண்ணாதீர்கள்' என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று படகு கரை சேர்ந்தது. ஷெல்லி அதற்குப் பிறகும் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் ஷெல்லி, மேரி, க்ளேர் மூவரும் ஆல்ப்ஸ் மலையில் ஷாமனி பள்ளத்தாக்குக்குப் போனார்கள். ஷெல்லி ஹோட்டல் பதிவேட்டில் தொழில் என்கிற இடத்தில் 'நாத்திகன்' என்று கிரேக்க மொழியில் எழுதினார். போகுமிடம், 'நரகம்'! மேரியோ 'பனிக்கடல்' எனப்படும் பனியாற்றைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டார். நாவலில் படைத்தவனும் படைக்கப்பட்டவனும் நேருக்கு நேர் நின்று பேசும் இடம் அந்தப் பனிக்கடல்தான். 'என்னை உண்டாக்கிவிட்டு ஏன் கைவிட்டாய்?' என்பதுதான் அந்த ஜீவனின் கேள்வி. பெற்ற தாயைப் பார்த்ததே இல்லாத, அப்பாவால் கைவிடப்பட்ட ஒரு பெண் எழுதிய கேள்வி.

எல்லாம் சரி, அந்த வருடம் ஏன் வெயில் வரவில்லை?

பதில், ஜெனிவாவிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி இருந்தது. 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேஷியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றில் பதிவானவற்றிலேயே மிகப் பெரிய வெடிப்பு. ஜாவாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பீரங்கிச் சத்தம் என்று நினைத்துப் படையை அனுப்பினார்கள். 4,000 மீட்டருக்கு மேல் இருந்த மலை, சுமார் 2,850 மீட்டராகக் குட்டையாகிவிட்டது. வெடிப்பிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் செத்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தம்போரா என்கிற சின்ன ராஜ்யமே புதைந்துபோனது. அந்த ஜனங்கள் பேசிய மொழியும் அவர்களோடு போய்விட்டது.

எரிமலை கக்கிய கந்தக வாயு வானத்தில் மிக உயரத்தில் நுண்துளிகளாக மாறி, உலகம் முழுக்கத் திரை போட்டுவிட்டது. சூரிய வெளிச்சம் குறைந்தது. 1816 ஜூனில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி பெய்தது. ஐரோப்பாவில் விளைச்சல் படுத்தது. இந்தியாவில் பருவமழை தாறுமாறானது. ஸ்விட்சர்லாந்தில் பஞ்சம். கிழக்குப் பகுதிகளில் பாசியையும் பூனைக்கறியையும் தின்று ஜனங்கள் உயிர் பிழைத்ததாகக் குறிப்புகள் இருக்கின்றன. மாளிகைக்குள் பேய்க் கதை எழுதிக்கொண்டிருந்தபோது, வெளியே பசியோடு ஜனங்கள் சாலையில் அலையத் தொடங்கியிருந்தார்கள். ஃப்ராங்கன்ஸ்டைனின் ஜீவனும் அப்படித்தானே... பசியோடு, குளிரோடு, எந்த வீட்டிலும் சேர்க்கப்படாமல் அலைகிறது!

இதில் எதுவும் அந்தக் கும்பலுக்குத் தெரியாது. 1816 குளிரையும் தம்போராவையும் விஞ்ஞானிகள் முடிச்சுப் போட்டதே இருபதாம் நூற்றாண்டில்தான்.

ஆகஸ்ட் 29-ம் தேதி ஷெல்லி குடும்பம் ஊர் திரும்பக் கிளம்பியது. அதற்குப் பிறகு நடந்ததைப் படித்தால், பேய்க் கதையே தேவலாம் என்று தோன்றும்.

அக்டோபரில் மேரியின் அக்கா ஃபேனி தற்கொலை. டிசம்பரில் ஷெல்லியின் மனைவி ஹாரியட் லண்டன் பூங்கா ஏரியில் பிணமாக எடுக்கப்பட்டார். மூன்று வாரத்துக்குள் ஷெல்லியும் மேரியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1818 ஜனவரியில் நாவல் வந்தது, 500 பிரதிகள், ஆசிரியர் பெயர் இல்லாமல். ஷெல்லிதான் எழுதியிருப்பார் என்று பலரும் நினைத்தார்கள். மேரியின் பெயர் அட்டையில் ஏற 1823 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டாக்டர் பொலிடோரி, பைரன் தூக்கிப் போட்ட துண்டுக் கதையை வைத்து ஒரு ரத்தக் காட்டேரிக் கதை எழுதினார். பின்னால் வந்த டிராகுலாவுக்கு அதுதான் முன்னோடி. அதுவும் 1819-ல் பைரன் பெயரில் வெளியானது! 1821-ல், 25 வயதில் பொலிடோரி இறந்தார். விஷம் குடித்ததாக நம்பப்படுகிறது. க்ளேர் பெற்ற அலெக்ராவை பைரன் ஒரு கன்னிமாடத்தில் விட்டார். அங்கேயே ஐந்து வயதில் செத்துப்போனது.

நாவலில் அந்த ஜீவன் முதலில் கொல்வது ஒரு சின்னப் பையனை. அவனுக்கு மேரி வைத்த பெயர், வில்லியம். தன் சொந்தக் குழந்தையின் பெயர்! 1819-ல் ரோமில், மூன்று வயதில், அந்த நிஜ வில்லியம் காய்ச்சலில் இறந்தான். அதற்கு முந்தைய வருடம்தான் மகள் க்ளாரா போயிருந்தாள்.

1822 ஜூலை 8. இத்தாலிக் கடலில் புயல். படகில் ஷெல்லி. இந்த முறை படகு கரை சேரவில்லை. முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கடற்கரையில் சிதை மூட்டியபோது பைரன் பக்கத்தில் நின்றார். இரண்டே வருடத்தில் கிரீஸில் அவரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

1840-ல் மேரி, எஞ்சிய ஒரே மகனோடு பயணம் போனபோது மறுபடி ஜெனிவா ஏரியைப் பார்த்தார். மேலே அந்த மாளிகை. கீழே அந்தச் சின்ன வீடு. நடுவே அதே திராட்சைத் தோட்டம். வீடுகள் அப்படியே இருந்தன. ஆட்களில் மிஞ்சியிருந்தது அவரும் க்ளேரும்தான்.

அந்தக் கோடையில் எல்லோரும் பேசினார்கள். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கதையை முடித்தார். கதையில் வரும் அந்த ஜீவனுக்கு மேரி கடைசிவரை பெயரே வைக்கவில்லை. மேரியின் முதல் குழந்தைக்கும் யாரும் பெயர் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.